தீர்மானத்துக்குக் கட்டுப்பட்ட கழி

சேந்தன்முனையின் உப்பங்கழி தரையை விட்டு எழும்பியது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு. அன்று வாரச்சந்தை, அதுவும் சின்ன வெங்காயம் மலிந்துகிடந்த சந்தை என்பதால் எங்கள் ஊர்க்காரர்களில் பாதிப்பேர் கையிலிருந்த பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. நானூறு ஏக்கர் தண்ணீர், இரண்டு பேர் இரு முனையில் பிடித்துத் தூக்கும் பாயைப் போல, சத்தமில்லாமல், ஒரு சொட்டுத் தளும்பாமல், தன் மீன்களோடும் பாசியோடும் நண்டுகளோடும், தன்மேல் நின்றிருந்த பூநாரைகளோடும் கூழைக்கடாக்களோடும் உள்ளான்களோடும் அரைப் பனை உயரத்துக்குப் போய் அங்கேயே நின்றுகொண்டது. சந்தைக்கு வந்தவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள், மழை இல்லை என்று தெரிந்ததும் மறுபடி விலை பேசப் போனார்கள்.

ஏன் எழும்பியது என்று என்னைக் கேட்டுப் பயனில்லை. நான் கதிரேசன், இந்த ஊராட்சியின் செயலர். பதினாறு வருஷமாகத் தீர்மானப் புத்தகம் என் கையெழுத்தில்தான் இருக்கிறது. எனக்குத் தெரிந்ததெல்லாம், அது எழும்புவதற்குப் பதினொரு நாள் முன்னால், அக்டோபர் இரண்டாம் தேதி கிராமசபையில், 'மேற்படி சர்வே எண்ணில் நீர்நிலை எதுவும் இல்லை, தரிசு மட்டுமே உள்ளது' என்று குண்டு குண்டாக நான் எழுதினேன், அதன்கீழ் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர், தலைக்கு ஒரு முட்டை பிரியாணிப் பொட்டலத்தை இடது கையில் வாங்கிக்கொண்டு, வலது கையால் கையெழுத்துப் போட்டார்கள் என்பது மட்டும்தான். அத்தனை பேர் சொல்லியும் தரையிலேயே கிடக்க அது என்ன எங்களைப் போல மானங்கெட்டதா?

தீர்மானம் எதற்கு என்றால், பவுலினுக்காக. மரிய பவுலின், நாற்பத்தாறு வயது, கழியில் இடுப்பளவுத் தண்ணீரில் உட்கார்ந்தவாக்கில் நகர்ந்து, இரு கையாலும் சேற்றைத் தடவி இறால் பிடிக்கிறவர். பிடித்ததைப் போட ஓலைப்பறியைப் பல்லில் கடித்திருப்பார், அதனால் வேலை நேரத்தில் பேசமாட்டார், மிச்ச நேரத்தில் பேசினால் எங்களுக்குப் பிடிக்காது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு கல்லூரி டீச்சர் கழிக்கு வந்து, இறால் தடவுகிற ஆறு பெண்களுக்குப் பறவைகளை இனம்பிரிக்கச் சொல்லிக்கொடுத்து, ஒரு தொலைநோக்கியையும் கொடுத்துவிட்டு, மாற்றலில் போய்விட்டார். டீச்சர் போனதும் இவர்களும் விட்டுவிடுவார்கள் என்று நினைத்தோம், ஏனென்றால் நாங்களாக இருந்தால் விட்டிருப்போம். அவர்கள் விடவில்லை. தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, விடிந்ததிலிருந்து உச்சிவரைக்கும் ஆறு பேரும் கரையில் நின்று பறவைகளை எண்ணி, நோட்டில் எழுதி, வன அலுவலகத்துக்குப் பிரதி அனுப்பினார்கள். இப்படி ஒன்பது வருஷம். ஒன்பதாம் வருஷம் யாரோ ஒரு அதிகாரி அதை உண்மையிலேயே வாசித்துத் தொலைத்ததால், 'இந்தக் கழியைப் பாதுகாக்கப்பட்ட ஈரநிலமாக அறிவிக்கலாமா, அங்கே தண்ணீர் உண்டா' என்று ஊராட்சிக்குக் கடிதம் வந்தது.

எங்கள் தலைவர் கோட்டைச்சாமி, தலைவர் வேலையைப் பகுதி நேரமாகவும் மனை விற்பதை முழு நேரமாகவும் பார்ப்பவர், அந்தக் கடிதத்தை வாசித்துவிட்டு ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை என்று சொல்கிறார்கள். கழியைத் தூர்த்து மனை போட அவர் மூன்று வருஷமாக அலைந்துகொண்டிருந்தார்.

கிராமசபையில் பவுலின் எழுந்தார். "போன தையில இருவத்தோராயிரத்து நானூறு பறவை நின்னுச்சு. நாங்க ஆறு பேரு ரெண்டு ரெண்டு தடவ எண்ணுனோம். அம்புட்டும் தரிசுலயா நின்னுச்சு?"

"பறவை எங்க வேணாலும் நிக்கும் யக்கா, அதுக்கென்ன ஓட்டா இருக்கு?" என்றார் கோட்டைச்சாமி. கூட்டம் சிரித்தது. அவ்வளவு நல்ல நகைச்சுவை இல்லை; ஆனால் பிரியாணி இன்னும் கைக்கு வரவில்லை.

கழி எழும்பிய நேரத்தில் பவுலினும் ஜுலைகாவும் அதற்குள்தான் உட்கார்ந்து இறால் தடவிக்கொண்டிருந்தார்கள். ஜுலைகா அந்த ஆறு பேரில் ஒருத்தி, அவரைவிட இளையவள், எப்போதும் கூடவே இருப்பவள். தண்ணீர் அவர்களைத் தூக்கிக்கொண்டு போகவில்லை. தாய் தூங்கும் பிள்ளையின் தலையடியிலிருந்து கையை உருவுவது போல மெல்ல உருவிக்கொண்டு மேலே போய்விட்டது, இருவரும் சேற்றில், வாயில் பறியோடு, உட்கார்ந்தபடியே இருந்தார்கள். பவுலின் பறியை வாயிலிருந்து எடுத்து, மேலே பார்த்து, "போகட்டும். இந்தப் பயலுக காலடியில எத்தன நாளைக்குத்தான் கெடக்கும்" என்றாராம்.

சேறு காய்ந்து பாளம் பாளமாக வெடிக்க நாலு நாள் ஆனது. அஞ்சாம் நாள் கோட்டைச்சாமி கழியின் அடியில் கல் ஊன்றினார், ஆறாம் நாள் 'நீர்நிழல் நகர், வெயில் படாத மனைகள்' என்று பிளக்ஸ் வைத்தார், ஏழாம் நாள் கோயிலுக்கு ஒரு மூலை, பள்ளிவாசலுக்கு ஒரு மூலை, மாதா கோயிலுக்கு ஒரு மூலை என்று மூலை பிரித்துக் கொடுத்தார். ஒரு ஒலிபெருக்கி விஷயத்தில்கூட ஒத்துப்போகாத மூன்று கமிட்டியும் ஒரே வரிசை நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்ததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். கையெழுத்துப் போட்ட ஒவ்வொரு வீட்டுக்கும் சலுகையில் ஒரு மனை. மார்கழி பிறப்பதற்குள் நூறு வீட்டுக்கு மேல் சுவர் எழும்பிவிட்டது.

அதற்குள் எங்களுக்கு அது பழகியும் போனது. தலைக்குமேலே மீன் கூட்டம் திரும்பும்போது பச்சை வெளிச்சம் சுவர்களில் நெளிவதும், கூழைக்கடாவின் சவ்வுப் பாதங்கள் சோற்றுத் தட்டுக்கு நேர் மேலே துழாவிக்கொண்டு போவதும், ஓரத்து வீடுகளின் வாசலில் உப்புத் தண்ணீர் சொட்டுவதும் பழகி, குறை சொல்லவும் தொடங்கிவிட்டோம்: துணி காயவில்லை, வடாம் போட முடியவில்லை, பூநாரைகள் கத்துவதில் டிவி கேட்கவில்லை. ஒருவன் கோபத்தில் கல்லை விட்டெறிந்தான். கல் மேலே போய்த் தண்ணீருக்குள் நின்றது, திரும்பி விழவில்லை. மதுரையிலிருந்து பார்க்க வந்தவர்கள் வாயைப் பிளந்து நின்றபோது, பட்டிக்காட்டான்கள் என்று அவர்களைப் பார்த்து நாங்கள் சிரித்தோம்.

பவுலினின் புருஷன் சந்தியாகுவும் தீர்மானத்தில் கையெழுத்துப் போட்டிருந்தான். நூற்று இருபதாம் எண் மனையில் ஓர் அறை கட்டிவிட்டு, அவரைக் குடிவரச் சொல்லிப் பழைய வீட்டு வாசலில் வந்து நின்றான். நான் அப்போது வீட்டுவரி ரசீது கொடுக்கப் போயிருந்தேன்.

"உச்சி வெயில்ல நம்ம வாசல்ல நெழலு விழுது பவுலின். ஊர் உலகத்துல யாருக்குக் கெடைக்கும்?"

"தண்ணி இருந்துச்சு, வேணாமுன்னு கையெழுத்துப் போட்டீக. இப்ப அதோட நெழலுக்குள்ள ஒண்டப் போறீகளாக்கும்."

"ஊரே போட்டுச்சு. நான் ஒருத்தன் போடலைன்னா நின்னுருக்குமா?"

"நின்னுருக்காது. எம் மூஞ்சியப் பாத்துப் பேச உங்களுக்கு ஒரு யோக்கியத நின்னுருக்கும்."

சந்தியாகு என்னைப் பார்த்தான். நான் ரசீதைப் பார்த்துக்கொண்டேன்.

தை வந்தது. பவுலின் வன அலுவலகத்துக்குப் போன் போட்டார், அங்கே இருந்தவர், "வழக்கம்போல எடுங்கம்மா, படிவத்துல எடம்னு ஒரு கட்டம் இருக்கும், அத மட்டும் நெரப்பாம விட்டுருங்க" என்றார். ஆறு பெண்களும் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை பாயோடு வந்து, காலி மனைகளில் மல்லாந்து படுத்து, கீழிருந்து எண்ணத் தொடங்கினார்கள். தண்ணீரின் அடிப்பரப்பில் ஆயிரமாயிரமாய்ப் பாதங்கள் நின்றன: பூநாரையின் சிவந்த சவ்வுக்கால், பவளக்காலியின் நூல் போன்ற கால், வாத்துகளின் துடுப்புக்கால், உள்ளான்களின் மூன்று விரல் கோலம். கால்களை எண்ணிப் பாதியாக்கலாம் என்று ஆரம்பித்தார்கள். "அக்கா, இதுல பாதி ஒத்தக்கால்ல நின்னு தூங்குதுக்கா" என்றாள் ஜுலைகா. அழித்துவிட்டு வயிறுகளை எண்ணினார்கள். இடையிடையே மனைக்காரர்கள் வந்து, என் இடத்தில் படுக்க யார் உத்தரவு கொடுத்தது என்று விரட்டினார்கள். அவர்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு அடுத்த மனைக்குப் போய்ப் படுத்தார்கள், விட்ட எண்ணிலிருந்து தொடர்ந்தார்கள். இரை மேயக் கழுத்தைத் தலைகீழாக இறக்கிய ஒரு பூநாரை, பவுலினின் முகத்துக்கு நேர் மேலே, மஞ்சள் கண்ணால் அவரை நெடுநேரம் பார்த்ததாம். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் இளகும். அந்த வருஷம் இருபத்து நாலாயிரத்து எழுபது. முந்தின வருஷத்தைவிட அதிகம். ஊரில் ஒருவரும் எவ்வளவு என்று கேட்கவில்லை.

பங்குனியில் மூன்று அதிகாரிகள் ஜீப்பில் வந்தார்கள். பவுலின் பத்து வருஷ நோட்டுகளையும் மஞ்சள் பையில் கொண்டுவந்து நீட்டினார்.

"தண்ணி எங்கம்மா?" என்றார் மூவரில் மூத்தவர்.

"உங்க தலைக்கு மேல சார்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். மற்ற இருவரும் அவர் நிமிர்ந்ததால் நிமிர்ந்தார்கள். "ஈரநிலம்னா நிலம் ஈரமா இருக்கணும்மா. இங்க நிலம் காஞ்சு கெடக்கு. மேல இருக்கறது எங்க வரம்புல வராது." சொல்லி முடிக்கும்போதே அவர் கோப்பின்மேல் உப்புத் தண்ணீர் ஒரு சொட்டு விழுந்தது. துடைத்துவிட்டு, 'நீரில்லை' என்று எழுதினார். கோட்டைச்சாமி அவர்களுக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தார்.

சித்திரைக் காற்று தொடங்கியதும் கழி நகர ஆரம்பித்தது. முதல் நாள் இரண்டு முழம், அடுத்த நாள் பத்து முழம், தெற்கே, தெற்கே என்று. வடக்கு ஓரத்து மனைகளில் வெயில் விழுந்தது. முதலில் வெயில் விழுந்த கூரைகளில் ஒன்று கோட்டைச்சாமியின் புது வீட்டுடையது. அன்றைக்கே ஊர் கூடிவிட்டது. பத்து வருஷம் பறவை எண்ணுங்கள் என்று கூப்பிட்டதற்கு வராத ஊர், மனைக்கு நிழல் போகிறது என்றதும் கைக்குழந்தையோடு வந்தது. படகுக்காரர்கள் நங்கூரங்களை மேலே வீசினார்கள், நைலான் கயிறுகளை வீட்டுத் தூண்களிலும் எல்லைக்கற்களிலும் இழுத்துக் கட்டினார்கள், நூறு கயிறு, இருநூறு கயிறு. அறுக்கப் பிடித்த மாட்டைப் போலக் கழி அத்தனை கயிற்றுக்கும் நடுவில் நடுங்கிக்கொண்டு நின்றது.

அதோடு அவர்களுக்கு ஒரு பயமும் வந்தது: நாளைக்குக் கழி அடுத்த ஊர் எல்லைக்குப் போய்விட்டால், எங்களுடையது என்று சொல்ல நம்மிடம் என்ன காகிதம் இருக்கிறது? தண்ணீரே இல்லை என்ற காகிதம்தான் இருந்தது. ஆக, கோட்டைச்சாமி என்னையும் கூட்டிக்கொண்டு பவுலின் வீட்டுக்குப் போனார்.

"யக்கா, அந்த நோட்டெல்லாம் குடுத்தீங்கன்னா மனுவோட வச்சு அனுப்பிரலாம். பத்து வருசமா இது நம்ம கழின்னு ஆதாரம் வேணுமில்ல?"

பவுலின் மீனை அலசிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. "தாரேன். நான் சொல்றத மொதல்ல செய்யுங்க. இல்லைன்னு போட்ட தீர்மானத்த அடிங்க. ஊனுன கல்லப் புடுங்குங்க. கட்டுனத இடிங்க. எறங்க எடம் குடுத்தா அது எறங்கும்."

"மே ஒண்ணாந்தேதி சபையில வைக்கிறேங்க்கா."

வைத்தார். பவுலின் சொன்னதை நானே படித்தேன். மனையும் வேண்டும், நிழலும் வேண்டும், தண்ணீர் மேலேயே நிற்கவும் வேண்டும் என்று எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். மூலை வாங்கிய மூன்று கமிட்டியும், கட்டினதை இடிப்பது பாவம் என்றன. கை தூக்கச் சொன்னபோது ஆறு கைதான் எழுந்தது. சந்தியாகு எந்தப் பக்கத்துக்கும் தூக்காமல் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். செயலருக்கு ஓட்டில்லை என்ற விதி அன்றைக்கு எனக்கு மிகவும் சௌகரியமாக இருந்தது. 'மேற்படி சர்வே எண்ணின் மேலுள்ள நீர் இவ்வூராட்சிக்கே சொந்தம்' என்று, முந்தைய தீர்மானத்துக்கு நாலு பக்கம் தள்ளி, அதே பேனாவால், அதே குண்டு எழுத்தில் எழுதினேன். கை கூசவில்லை. கூசியது என்று இப்போது சொன்னால் அது பொய்.

மறுநாள் மத்தியானம், சாப்பிட்டுவிட்டு ஊர் முழுக்க நிழலில் உருண்டு கிடந்த நேரத்தில், ஆறு பெண்களும் கருக்கரிவாளோடு மேற்கு ஓரத்திலிருந்து கயிறுகளை அறுத்துக்கொண்டே வந்தார்கள். வீடு வீடாக, தூண் தூணாக. முகத்தில் வெயில் சுட்டபிறகுதான் எங்களுக்கு விழிப்பே தட்டியது. கோட்டைச்சாமி வேட்டியைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்து, "யக்கா, அது பொதுச்சொத்து, கேஸாயிரும்!" என்று கத்தினார்.

"இல்லாத தண்ணிக்குக் கயிறு எதுக்குத் தலைவரே?" என்று கேட்டுவிட்டு பவுலின் கடைசிக் கயிற்றையும் அறுத்தார்.

கழி ஒருமுறை சிலிர்த்தது. பிறகு அவசரமே இல்லாமல், பறவைகளில் ஒன்றைக்கூடக் கலைக்காமல், தெற்கே நடக்கத் தொடங்கியது. ஆறு பெண்களும் அதன் நிழலுக்குள்ளேயே நடந்தார்கள், பவுலின் தோளில் தொலைநோக்கி, ஜுலைகா இடுப்பில் மஞ்சள் பை. சந்தியாகு உப்பாற்றுப் பாலம்வரை பின்னால் போனான், பாலத்தில் வெயில் கொளுத்தியது, திரும்பிவிட்டான்.

மூன்றாம் நாள் அது கொட்டாங்குடாவை அடைந்தது. முப்பது வீடு, ஒரு ரேஷன் கடை, யாரோ வெளியூர்க்காரன் இறால் பண்ணை போட்டு நஷ்டப்பட்டு விட்டுப்போன செத்த குட்டைகள், அவ்வளவுதான் கொட்டாங்குடா. அங்கே யாரும் கூட்டம் போடவில்லை. பெண்கள் ஆடுகளை அவிழ்த்துக்கொண்டார்கள், ஆண்கள் குட்டைகளின் கரைகளை மண்வெட்டியால் உடைத்தார்கள், நடுவில் நின்ற ஒரு மின்கம்பத்தைத் தாங்களே பிடுங்கி ஓரமாக நட்டார்கள், பிறகு எல்லோரும் மேட்டில் ஏறி ஒதுங்கி நின்றார்கள். கழி அந்த இடத்தைச் சுற்றி ஒருமுறை பார்ப்பது போலச் சுழன்றுவிட்டு, காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி உட்கார்ந்தது.

பவுலின் திரும்பி வரவில்லை. ஆறு பேருமே வரவில்லை. எங்கள் ஊரில் சுவர்கள் வெயிலில் விரிந்தன, கிணறுகள் ஒவ்வொன்றாக உப்பேறின. ஆனால் அதற்கெல்லாம் எங்கள் ஊர் கலங்கிவிடவில்லை, பவுலின் என்ற ஒருத்தி ஊர்ச் சொத்தைத் திருடிக்கொண்டு போய்விட்டாள் என்று பேசிக்கொள்ள ஒரு விஷயம் கிடைத்த திருப்தியில் நன்றாகவே தூங்கியது.

அடுத்த தையில் கோட்டைச்சாமி வேன் பிடித்தார். பதினொரு பேர், கழியைத் திருப்பிக் கேட்கும் மனு, தீர்மானப் புத்தகத்தோடு நான். சந்தியாகுவும் புதுச் சட்டை போட்டு வந்திருந்தான். நாங்கள் போய் இறங்கிய நாள் எண்ணிக்கை நாள் என்பது அங்கே போன பிறகுதான் தெரிந்தது. கொட்டாங்குடாவே தண்ணீரில் நின்றது: ஆடு மேய்க்கிறவர்கள், அங்கன்வாடி டீச்சர், முடிவெட்டுகிறவர், ரேஷன் கடைக்காரர் என்று நாற்பது பேர் முழங்கால் தண்ணீரில் வரிசையாக, ஆளுக்கொரு திசையைப் பார்த்துக்கொண்டு. நடுவில் பவுலின், "ஒவ்வொண்ணா எண்ணாதீக, பத்துப் பத்தாக் கண்ணால வெட்டுங்க" என்று தணிந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தார்.

"இது எங்க ஊர்க் கழி!" என்றார் கோட்டைச்சாமி, கரையிலிருந்து.

ஆடு மேய்க்கும் ஒரு பெண் திரும்பிப் பார்த்து, "சத்தம் போடாதீங்க, எண்ணிக்கிட்டிருக்கோம்" என்றுவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

கோட்டைச்சாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீருக்குள் காலை வைத்தார். தண்ணீர் விலகியது. அழுக்குப் பட்டுவிடக் கூடாதென்று ஒரு பெண் முந்தானையை ஒதுக்கிக்கொள்வது போல, அவர் பாதத்தைச் சுற்றி ஒரு முழம் விலகி நின்றது. இன்னொரு அடி வைத்தார், இன்னொரு முழம் விலகியது. அவருக்குப் பின்னால் நாங்கள் எல்லோரும் இறங்கினோம், ஒவ்வொருவனைச் சுற்றியும் ஒரு காய்ந்த வட்டம். நான் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வேகமாக நாலு எட்டு எடுத்து வைத்துப் பார்த்தேன். ஈரம் ஒட்டவில்லை. நாலடி தள்ளி அந்த முடிவெட்டுகிறவர் முழங்கால் தண்ணீரில் நின்று, நான் வந்ததைக் கவனிக்காமல் உள்ளான்களை எண்ணிக்கொண்டிருந்தார்.

சந்தியாகு செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, பவுலினை நோக்கி நடந்தான். பத்தடி தூரத்தில் தன் காய்ந்த வட்டத்துக்குள் நின்றான். "பவுலின்" என்றான்.

அவர் தொலைநோக்கியிலிருந்து கண்ணை எடுத்து, அவன் முகத்தைப் பார்த்தார், பிறகு அவன் காலைச் சுற்றியிருந்த உலர்ந்த சேற்றைப் பார்த்தார்.

"அங்ஙனயே நில்லுங்க. பறவ கலைஞ்சுரும்" என்று சொல்லிவிட்டுத் தொலைநோக்கிக்குத் திரும்பினார்.

நின்றோம். கொஞ்ச நேரம் கழித்து யாரும் சொல்லாமலே கரையேறினோம். வேனில் ஏறும்முன் பழக்கதோஷத்தில் எல்லோரும் துண்டை எடுத்துக் காலைத் துடைத்தோம். துடைக்க ஒன்றும் இல்லை என்பது தெரிந்தும், ஒருவரையொருவர் பார்க்காமல், விரல் இடுக்கெல்லாம் அழுத்தி அழுத்தித் துடைத்தோம்.